ராணி மூச்சு வாங்கும் நேரம்

எழுத்தாளர் பிரதீபாவின் கதைப் புத்தகம் எதை எடுத்தாலும் அதில் ஒரு பக்கம் காலியாக இருக்கும்.

கதை சூடுபிடித்து, அடுத்து என்ன ஆகுமோ என்று நாம் நகத்தைக் கடிக்கிற இடம் வரும் பாருங்கள், சரியாக அங்கேதான் அந்தப் பக்கம் வரும். ஒரு எழுத்துக்கூட இருக்காது. நடுவில் ஒரு தட்டுப் படம். தட்டில் ஒரு முட்டை. பக்கத்தைத் திருப்பினால்தான் மீதிக் கதை.

கூடுவாஞ்சேரியில் ஹேமந்த் என்று ஒரு பையன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் கதைக்குத்தான் காசு கொடுத்தேன். முட்டைக்கு இல்லை" என்று அவருக்கு ஒரு கார்டு போட்டான்.

பிரதீபா பதில் எழுதினார். அது என்ன பதில் என்பது இருக்கட்டும். முதலில் அந்த முட்டை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

அப்போது பிரதீபாவுக்குப் பத்து வயது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில், சங்கு விற்கும் கடைகளைத் தாண்டினால் கொஞ்சம் மணல்வெளி இருக்கும். சனி, ஞாயிறுகளில் அங்கே அவள் வீட்டார் ஆட்டம் போடுவார்கள். அப்பா அப்பாசாமி டோலக் அடிப்பார். அம்மா பார்வதம், கட்டி நிறுத்திய மூங்கில்களுக்கு நடுவே கயிற்றின் மேல் நடப்பார். அதன் பிறகு ராணி வரும்.

ராணி ஒரு வெள்ளாடு. ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து மரக்கட்டைகளை அப்பா அடுக்குவார். மேலே போகப் போகக் கட்டை சிறுத்துக்கொண்டே போகும். கடைசிக் கட்டை டீ கிளாஸ் அகலம்தான் இருக்கும். அதன் மேல் நான்கு குளம்பையும் சேர்த்து வைத்து ராணி நிற்கும்.

ராணிக்கு யாரும் ஏறக் கற்றுக்கொடுக்கவில்லை. குட்டியாக இருக்கும்போதே அது கண்ணில் பட்டதன் மேல் எல்லாம் ஏறும். கூரை மேல் ஏறும். நிறுத்தி வைத்த ஆட்டோ மேல் ஏறும். ஒருநாள், குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் முதுகு மேலேயே ஏறிவிட்டது.

"இத்த எறக்க நம்மால ஆவாது. நாலு கட்டையாவது அடுக்கி வெப்போம்" என்றார் அப்பா. அப்படித்தான் ராணி ஆட்டக்காரி ஆனது.

வீட்டில் ஒரு நாயும் உண்டு. பெயர் சிங்கம். ஆட்டம் தொடங்கியதும் அது டோலக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிவிடும். ஆட்டம் முடிந்து எல்லோரும் கைதட்டும்போது எழுந்து வாலாட்டும். எல்லாவற்றையும் தானே செய்ததுபோல.

பிரதீபாவின் வேலை கால் பார்ப்பது. கூட்டத்தில் நிற்கிறவர்களின் முகம் ஏமாற்றும். பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போய்விடுவார்கள். கால் அப்படி ஏமாற்றாது. கட்டைவிரல் பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிவிட்டால், ஆள் போகப் போகிறார் என்று அர்த்தம். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சின்ன வயதில் மணலில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பார்த்ததால், அவள் கண்ணுக்கு எட்டியது கால்கள் மட்டும்தான். கால்கள் திரும்புவது தெரிந்தால் கையில் இருக்கும் சலங்கையை ஆட்டுவாள். உடனே அப்பா அடியை மாற்றுவார். திரும்பிய கால்கள் மறுபடி உள்ளே திரும்பும்.

ஐந்தாவது கட்டைக்கு முன்னால் மட்டும் டோலக் நின்றுவிடும்.

"ஏறுமா, ஏறாதா?" என்று அப்பா கேட்பார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வருவார். தட்டு சுற்றி முடிந்த பிறகுதான் ராணி ஏறும். எந்த ஊரில் ஆட்டம் போட்டாலும் இதுதான் வழக்கம். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் ஏன் என்று பிரதீபா கேட்டதே இல்லை.

ஒரு வியாழக்கிழமை. ஜாய்ஸ் டீச்சர் வகுப்பில் கதைத் தாள்களோடு வந்து நின்றார். செங்கல்பட்டில் புத்தகக் கண்காட்சி போடுகிறார்கள். அங்கே சிறுவர் மேடையில் பள்ளிக்கு ஒருவர், தானே எழுதிய கதையை வாசிக்க வேண்டும். அதற்காக எல்லோரும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"ரெண்டு கதை நல்லா இருக்கு" என்றார் டீச்சர். "ஆல்வின் எழுதின சிங்கராஜா கதை. அப்புறம் பிரதீபாவோட ஆட்டுக் கதை. ஆனா பிரதீபா, நடுவுல ஒரு பக்கம் எழுதாம விட்டுட்டியே. வெறும் தட்டு மட்டும் வரைஞ்சிருக்க?"

பிரதீபா எழுந்து நின்றாள். "விடல டீச்சர். அங்கதான் தட்டு சுத்தும்."

வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஆல்வின் குரல் வந்தது. "டீச்சர், அவ கதையில கூட பிச்சை எடுக்கறா."

"ஆல்வின், வாயை மூடு" என்றார் டீச்சர். ஆல்வின் வாயை மூடிக்கொண்டான். ஆனால் சொன்ன சொல் நெருஞ்சி முள் மாதிரி பிரதீபாவுக்குள் போய்க் குத்தி நின்றுவிட்டது.

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார். "இதோ பாரும்மா, தட்டை மட்டும் எடுத்துடு. ஒரே மூச்சா எழுதிக் கொண்டா. உன்னையே அனுப்பறேன்."

எடுத்துவிட்டால் போதும், செங்கல்பட்டுக்குப் போகலாம். பிரதீபா ஒரு நிமிஷம் யோசித்தாள். எடுத்தால் ஆல்வின் சொன்னது நிஜம் என்று ஆகிவிடும்.

"தட்டு இல்லாம ஆட்டம் கெடையாது டீச்சர்" என்றாள்.

"சரி, வாசிச்சுக் காட்டு. எல்லாரும் ரசிச்சுக் கேட்டா தட்டு அங்கேயே இருக்கட்டும்."

பிரதீபா தாளை எடுத்து வாசித்தாள். "ஏழு கடலும் ஏழு மலையும் கண்டு நடுங்கும் வீராதி வீரி, சூராதி சூரி, ஈரேழு உலகமும் போற்றும் எங்கள் ராணி..."

டோலக்கோடு அப்பா சொல்லும்போது இது ஜோராக இருக்கும். வகுப்பில் டோலக் இல்லை. பிரதீபா வழக்கம்போலக் கண்ணைத் தாழ்த்திப் பெஞ்சுகளுக்குக் கீழே பார்த்தாள். ஒரு கால் செருப்பைக் கழற்றி அடுத்த பெஞ்சுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு கால் கீழே விழுந்த ரப்பரைத் தேடியது. ஆல்வினின் இரண்டு கால்களும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

தட்டு வரும் இடத்துக்கு முன்னாலேயே அவள் வாசிப்பதை நிறுத்தினாள்.

"முடிஞ்சிடுச்சா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். காலெல்லாம் போயிடுச்சு."

டீச்சருக்கு அது புரியவில்லை. "திங்கக்கிழமை நான் பேர் கொடுக்கணும். அதுக்குள்ள மாத்தி எழுதிக் கொண்டா. இல்லன்னா ஆல்வினை அனுப்பிடுவேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா, மூஞ்சி இப்படி கீது?"

பிரதீபா நடந்ததைச் சொன்னாள். பிச்சை என்று ஆல்வின் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "நான் மேல நிக்கும்போது கீழ எவ்ளோ பேசறாங்க தெரியுமா? வுழுவா பாரு, வுழுவா பாருன்னு ஒருத்தன் சொல்லிகினே இருப்பான். அதைக் காதுல வாங்கினா காலு போயிடும்."

"நீ காதுல வாங்க மாட்டியா?"

"வாங்குவேன். எறங்கின அப்பால."

பிரதீபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கேட்டாள். "தட்டு ஏம்மா நடுவுல சுத்துது? கடைசியில சுத்தலாம் இல்ல?"

"அப்போதான் சுத்தும். இது இன்னா கேள்வி?" என்று சொல்லிவிட்டு அம்மா உலை வைக்கப் போய்விட்டார்.

அது பதில் இல்லை என்று பிரதீபாவுக்குத் தெரிந்தது. பதிலைத் தானே கண்டுபிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன்னால் சலங்கையை அப்பாவிடம் கொடுத்தாள். "இன்னைக்கு நான் கால் பாக்கல நைனா. ராணியைப் பாக்கப் போறேன்."

"பொறந்ததுலேருந்து ராணியைத்தானே பாத்துகினு கீற?"

"பாத்தேன். கவனிக்கல."

அப்பா சிரித்தபடி சலங்கையை வாங்கித் தன் காலில் கட்டிக்கொண்டார்.

பிரதீபா மணலில் ராணிக்கு நேராக உட்கார்ந்தாள். முதல் மூன்று கட்டைகளை ராணி விளையாட்டாகத் தாண்டியது. நாலாவது கட்டையில் ஏறியதும் அதன் வெள்ளை வயிறு உள்ளே போய் வெளியே வந்தது. முன்னங்கால் முட்டி லேசாக நடுங்கியது. கடல் காற்று அடித்ததும் இரண்டு காதுகளும் பின்னால் படிந்தன.

காதுகள் படிந்த அதே நொடியில் டோலக் நின்றது.

அம்மா தட்டோடு சுற்றினார். எல்லோரும் பைக்குள் கைவிட்டார்கள். ராணியை யாரும் பார்க்கவில்லை. பிரதீபா மட்டும் பார்த்தாள். மெல்ல மெல்ல வயிறு நிதானமானது. காற்று கொஞ்சம் ஓய்ந்தது. ராணி தலையைத் தாழ்த்தி, மேலே இருந்த சின்னக் கட்டையை முகர்ந்தது. ஒரு காது முன்னால் வந்தது. இன்னொரு காதும் வந்தது. 'ப்ர்ர்' என்று ஒரு செருமல். டோலக் முழங்கியது. ராணி ஏறியது.

அடுத்த ஆட்டத்திலும் அப்படியே நடந்தது.

அதற்கடுத்த ஆட்டத்தில் காற்று பலமாக இருந்தது. தட்டு ஒரு சுற்று வந்து முடிந்துவிட்டது. கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் பொறுமை இழந்தார். "அதான் போட்டாச்சே, சீக்கிரம் ஏத்துப்பா. பஸ் போயிடும்."

"இரு அண்ணாத்த" என்றார் அப்பா. டோலக்கைத் தொடவில்லை.

அம்மா மறுபடியும் ஒரு சுற்று வந்தார். இந்தமுறை தட்டை யாரிடமும் நீட்டவில்லை. இடுப்போடு வைத்துக்கொண்டு சும்மா நடந்தார். ஆனாலும் கூட்டத்தின் கண் தட்டோடு சேர்ந்து சுற்றியது. ராணியின் காதுகள் முன்னால் வந்த பிறகுதான் டோலக் முழங்கியது.

ஆட்டம் முடிந்ததும் பிரதீபா ஓடினாள். "நைனா, தட்டு ராணிக்காகவா சுத்துது?"

அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நமக்கும் சேத்துத்தான். ஆனா நாலு கட்டை ஏறினது அது ஆச்சே. மூச்சு வாங்க வாணாமா? சும்மா நின்னா ஜனம் போயிடும். தட்டு சுத்தினா நிக்கும்."

"இத்த ஏன் எனக்குச் சொல்லல?"

"நீ கேக்கலியே."

மூட்டை சுமந்து மாடி ஏறியவர்களுக்கு இது தெரியும். கடைசிப் படிக்கு முன்னால் ஒரு மூச்சு வேண்டும். அந்த மூச்சு இல்லாவிட்டால் ஏறிய படி எல்லாம் வீண். ஆட்டுக்கும் அப்படித்தான். கதைக்கும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று பிரதீபாவுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு நடுவே, மூங்கில் நிழலில் உட்கார்ந்து கதையைத் திரும்ப எழுதினாள். ஏழு கடலை அடித்தாள். ஏழு மலையை அடித்தாள். வீராதி வீரியை அடிக்க மட்டும் கொஞ்சம் மனசு வரவில்லை. பிறகு அதையும் அடித்தாள். அந்த இடத்தில் வயிற்றை எழுதினாள். முட்டியை எழுதினாள். காதை எழுதினாள். பக்கத்தில் சிங்கம் குறட்டை விட்டது. அதையும் எழுதினாள்.

தட்டு வந்த பக்கத்தை மாற்றவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் ஜாய்ஸ் டீச்சருக்கு ஏதோ கூட்டம் என்று சொல்லிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போதுதான் அவர் வந்தார். பிரதீபா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், மாத்தி எழுதிட்டேன். இப்பவே வாசிக்கறேன்."

"இப்பவா? சாப்பிட்டதும் நான் போன் பண்ணிப் பேர் சொல்லணும். பசங்க எல்லாம் பசியில வரிசையில நிக்கறாங்க. பசியில யாரு கதை கேப்பாங்க?"

"பசியில நின்னு கேட்டாத்தான் டீச்சர் அது கதை" என்றாள் பிரதீபா.

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்தார். "சரி, வாசி."

சத்துணவுக் கூடத்தின் முன்னால் வரிசை நீண்டிருந்தது. எல்லோர் கையிலும் தட்டு. தெய்வநாயகி ஆயாம்மா கரண்டியால் சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்தார். கூடவே ஆளுக்கு ஒரு முட்டை. ஆல்வின் முதல் ஆளாக நின்று வாங்கிவிட்டு, அப்போதுதான் திரும்பினான்.

குழாயடியில் இருந்த கல்லின் மேல் பிரதீபா ஏறி நின்றாள். வரிசையில் இருந்த அத்தனை கால்களும் சோற்றுப் பாத்திரத்தைப் பார்த்தே நின்றன. இவ்வளவு கஷ்டமான கால்களை அவள் மணலில்கூடப் பார்த்ததில்லை.

"எங்க வூட்டுல ஒரு சிங்கம் கீது" என்று தொடங்கினாள்.

இரண்டு மூன்று தலைகள் திரும்பின.

"ஆட்டம் ஆரம்பிச்சா தூங்கிடும். ஏன்னா அது நாய்."

யாரோ சிரித்தார்கள். ஒரு கால் திரும்பியது. ராணி அப்பாவின் முதுகில் ஏறிய இடத்தைச் சொன்னபோது நாலைந்து கால்கள் திரும்பின. முதல் கட்டை, இரண்டாவது கட்டை, மூன்றாவது கட்டை. வரிசை நகர்வது நின்றுபோனது. முன்னால் ஆள் வராததால் ஆயாம்மாவின் கரண்டி பாதியிலேயே நின்றது.

"நாலாவது கட்டை. ராணியோட வயிறு உள்ள போவுது, வெளிய வருது. முட்டி நடுங்குது. கடல்ல இருந்து காத்து. ரெண்டு காதும் பின்னால போயிடுச்சு. இன்னும் ஒரே கட்டை. டீ கிளாஸ் அகலம்."

பிரதீபா வாயை மூடிக்கொண்டாள். கல்லிலிருந்து இறங்கினாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் ஓரமாக மெல்ல நடக்கத் தொடங்கினாள்.

இங்கே நாமும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வோம்.

"ஏய், ஏன் நிறுத்திட்ட?" என்றது ஒரு குரல்.

"ராணி மூச்சு வாங்குது" என்றாள் பிரதீபா. நடந்துகொண்டே இருந்தாள்.

"ஏறிச்சா, இல்லையா?"

"காது இன்னும் முன்னால வரல."

 அத்தனை பசிக்கிற வயிறும் அங்கே நின்றுகொண்டிருந்தது. எல்லோர் கண்ணும் அவள் கையிலிருந்த வெறும் தட்டோடு சேர்ந்து நகர்ந்தது. தட்டு ஆல்வினுக்கு எதிரில் வந்து சேர்ந்தது.

ஆல்வின் தட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். தன் தட்டிலிருந்து முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தான்.

பிரதீபா முட்டையைப் பார்த்தாள். "ஆடு முட்டை தின்னாதுடா" என்றாள்.

"ஆட்டுக்கு இல்ல, உனக்கு" என்றான் ஆல்வின். அவன் காது சிவந்திருந்தது. "நீயும்தான் மூச்சு வாங்கினு கீற. நான் பாத்தேன். தின்னுட்டுச் சொல்லு."

அவள் முட்டையைக் கையில் எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வரிசையே அவள் கடிப்பதற்குக் காத்திருந்தது.

"ஏம்மா" என்று ஆயாம்மா கத்தினார். "கரண்டியப் புடிச்சுகினு எனக்குக் கை கடுக்குது. அந்த ஆடு ஏறிச்சா இல்லையா, சொல்லித் தொலை."

வாய் நிறைய முட்டையோடு பிரதீபா சொன்னாள். "ஒரு காது முன்னால வந்துச்சு. இன்னொரு காதும் வந்துச்சு. ராணி ஏறிடுச்சு."

வரிசையில் இருந்தவர்கள் தட்டையும் டம்ளரையும் தட்டிய சத்தத்தில் காக்கைகள் மரத்தை விட்டுப் பறந்தன. வராண்டாவில் ஜாய்ஸ் டீச்சர் மடியில் திறந்த டப்பா அப்படியே இருந்தது. ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு போன் பண்ண உள்ளே போனார்.

செங்கல்பட்டு மேடைக்குப் பிரதீபா போனாள். தட்டு வரும் இடத்தில் நிறுத்தினாள். தட்டை ஏந்திக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி வந்தது யார் தெரியுமா? ஆல்வின்தான். "நான் சுத்தறேன். நீ மேலயே நின்னு மூச்சு வாங்கு" என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டான். அங்கேயும் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

இப்போது பிரதீபா நிறைய எழுதிவிட்டார். எழுதும்போது எங்கேயாவது வீராதி வீரி என்று வந்துவிட்டால் அடித்துவிட்டு, காது எப்படி இருந்தது என்று யோசிக்கிறார். யாராவது ஏதாவது சொன்னால் கதையை முடித்த அப்பால காதில் வாங்கிக்கொள்கிறார். பள்ளிக்கூடங்களுக்குக் கதை சொல்லப் போனால் இன்றைக்கும் முதலில் பார்ப்பது பெஞ்சுக்குக் கீழேதான்.

ஹேமந்துக்கு அவர் எழுதிய பதிலை மறந்துவிடவில்லை. ஒரு கார்டில் இரண்டே வரிதான் எழுதியிருந்தார்.

"முட்டைக்குக் காசு வேண்டாம் தம்பி, அது உனக்குத்தான். தின்றுவிட்டுப் பக்கத்தைத் திருப்பு."